பாலீஷ் டப்பாவைக் கொஞ்சம் மூடி வையுங்கள்

மழை ஆரம்பித்ததிலிருந்து ஷூ, செருப்பு பற்றியே ஒரு கட்டுக் கடிதம் சேர்ந்துவிட்டது. அத்தனையும் பழைய வட ஆற்காட்டுக்குள்ளிருந்தே வந்தவை. ஆம்பூரில் தைத்த ஷூவை ஐரோப்பாவில் வாங்கிப் பத்து வருஷம் போடுகிறார்கள், நாம் ஒரே வருஷத்தில் ஒழித்துக்கட்டுகிறோம் என்று ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

தினமும் ஆபீஸ் கிளம்பும்போது லிக்விட் பாலீஷ் போட்டுவிடுவேன். பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனால் ஒரு வருஷத்துக்குள் விரல் மடங்கும் இடத்தில் குறுக்கே வெடித்துவிட்டது. நல்ல தோல் என்று நம்பி வாங்கியது. தோல் மோசமா, பாலீஷ் மோசமா? (காட்பாடி வாசகர்)

இரண்டையும் விட மோசம் அந்த 'தினமும்'தான்.

ஸ்பாஞ்ச் வைத்த பாட்டிலில் வரும் லிக்விட் பாலீஷில் பெரும்பாலும் தண்ணீரும், காய்ந்ததும் மெல்லிய படலமாகிவிடும் ஒரு பிசினும்தான் இருக்கும். பிரஷ் போடாமலே மின்னுவதற்குக் காரணம், மின்னுவது தோல் இல்லை, அந்தப் படலம். முந்தின நாள் தூசியைத் துடைக்காமல் அதன் மேலேயே இன்னொரு படலம், மறுநாள் அதற்கும் மேலே இன்னொன்று என்று ஏறிக்கொண்டே போகிறது. நடக்கும்போது தோல் மடங்கும், படலம் அந்த அளவுக்கு மடங்காது, விரிசல் விடும். விரிசல் விட்ட இடத்தில் மணல் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு அடியும் அந்த மணலை வைத்துத் தோலை அறுக்கும் வேலைதான்.

இன்னொன்று. தோல் தொழிற்சாலையில் வேலை செய்த ஆள் வீட்டுக்கு ஒருவர் இருக்கும் ஊர் நம்முடையது, கேட்டுப் பாருங்கள்: பதனிட்ட பிறகு டிரம்மில் போட்டு எண்ணெய் ஏற்றுவார்கள், ஃபேட்லிக்கர் என்று சொல்வார்கள். தோல் மெத்தென்று வளைவதே அந்த எண்ணெயால்தான். வேலூர் வெயிலும் கால் வியர்வையின் உப்பும் சேர்ந்து அதை நாளாக நாளாக இழுத்துவிடுகின்றன. லிக்விட் பாலீஷ் அதைத் திருப்பித் தருவதில்லை.

வெடித்த தோல் மறுபடி ஒட்டாது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் மேலும் வெடிக்காமல் தடுக்கலாம். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒரே ஒரு சொட்டு லேசான சோப்பு விட்டு, பழைய படலத்தை முடிந்த மட்டும் துடைத்தெடுங்கள். தின்னர், நெயில் பாலீஷ் ரிமூவர் பக்கம் போகாதீர்கள், தோலின் சொந்த நிறமும் சேர்ந்து வந்துவிடும். நிழலில் ஒரு இரவு காயட்டும். மறுநாள் லெதர் கண்டிஷனரோ கிரீமோ கொஞ்சமாகப் பூசி, மடங்கும் இடத்தில் இரண்டாம் தடவையும் பூசி, ஊறவிடுங்கள். பாலீஷ் அதற்கு அடுத்த நாள் போதும்.

இனி புது ஷூ வாங்கினால் சாயந்தரம் வீடு திரும்பியதும் பிரஷ் போடுங்கள், பாலீஷ் இல்லாமல், வெறும் பிரஷ். அரை நிமிஷ வேலை. நாக்குக்கும் லேஸுக்கும் நடுவே, சோலும் மேல்தோலும் சேரும் தையல் ஓரத்தில்தான் தூசி அப்பியிருக்கும், அங்கே பழைய டூத் பிரஷ் போகும். கிரீம் பாலீஷ் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும், அதுவும் ஒரு ஷூவுக்குப் பட்டாணி அளவு. விரலில் பழைய பனியன் துணியைச் சுற்றிச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துவிட்டு, பத்து நிமிஷம் மறந்துவிடுங்கள். பிறகு குதிரை முடி பிரஷால், அழுத்தாமல், வேகமாக, முன்னும் பின்னும். அந்த உரசலின் சூட்டில் மெழுகு இளகிப் பரவும், பளபளப்பு அப்போதுதான் எழும்பும். கறுப்புக்கு ஒரு பிரஷ், பிரவுனுக்கு ஒரு பிரஷ். மாற்றினால் பிரவுன் ஷூ அழுக்காகத்தான் தெரியும், எத்தனை தேய்த்தாலும்.

முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். உள்ளே இறங்கிய வியர்வை ஒரே இரவில் முழுசாக வெளியேறாது. செலவு இரண்டு மடங்கு என்று தோன்றும், ஆனால் ஒன்றை ஒழித்துவிட்டு அடுத்ததை வாங்குவதைவிட இப்படி வாங்கிய இரண்டும் நிறைய நாள் வரும்.

வேலூரில் காவலர் பயிற்சியில் இருக்கிறேன் அண்ணே. பரேடுக்கு பூட்ஸ் முனையில் முகம் தெரிய வேண்டும் என்கிறார்கள். சீனியர்கள் மெழுகுவத்தியில் காட்டி பாலீஷை உருக்கி ஊற்றுகிறார்கள். நானும் செய்யலாமா?

வேண்டாம் தம்பி. டப்பா பாலீஷில் மெழுகோடு டர்பன்டைன் வகைக் கரைப்பான் இருக்கிறது, பற்றிக்கொள்ளும். விடுதி அறையில் அந்த விளையாட்டு தேவையில்லை. உருக்கி ஊற்றினால் சீக்கிரம் மின்னும், வாஸ்தவம்தான், ஆனால் கனமான அந்த அடுக்கு முதல் தடவை காலை ஓங்கி மிதித்ததும் செதில் செதிலாகக் கழன்று வரும்.

சரியான வழிக்கு நேரம்தான் வேண்டும். முனையும் குதிகாலும் மட்டும், இது முதல் விதி. அந்த இரண்டு இடத்திலும் உள்ளே கெட்டியான தட்டை வைத்துத் தைத்திருப்பதால் தோல் மடங்காது, மெழுகும் உடையாது. விரல் மடங்கும் இடத்தில் கண்ணாடி மாதிரி ஏற்ற நினைத்தால் நாலு அடியில் போய்விடும்.

பருத்தித் துணியை இரண்டு விரலில் சுருக்கமில்லாமல் இழுத்துச் சுற்றி, மிச்சத்தை உள்ளங்கையில் முறுக்கிப் பிடித்துக்கொள். டப்பா மெழுகை லேசாகத் தொட்டு வட்டமாகத் தேய். முதல் மூன்று நாலு அடுக்கு மங்கலாகத்தான் இருக்கும், தோலின் துளைகளையெல்லாம் நிரப்பும் வேலை அது, அதனால் மனசை விட்டுவிடாதே. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஐந்து பத்து நிமிஷம் ஆற விடு. அதற்கப்புறம்தான் தண்ணீர். டப்பா மூடியில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, விரல் நுனியால் ஒரே ஒரு சொட்டு பூட்ஸ் மேல் விட்டு, துணியில் துளி மெழுகு தொட்டு, எடையே கொடுக்காமல் சுற்று. முதலில் பனி படிந்ததுபோல மங்கும், சுற்றச் சுற்ற அந்த மங்கல் விலகி அடியிலிருந்து ட்யூப்லைட் தெரிய ஆரம்பிக்கும். தண்ணீர் இருப்பதால் துணி மெழுகைப் பிடித்து இழுப்பதில்லை, கீழ் அடுக்கும் கலையாது. எச்சில் தொட்டுச் செய்வதும் இதற்காகத்தான், தண்ணீரே போதும்.

மத்தியானம் உட்காராதே. கத்திரி வெயில் நாளில் மெழுகு கொழகொழவென்று இருக்கும், ஏறவே ஏறாது. ராத்திரி இல்லையென்றால் விடியற்காலை. மாசத்துக்கு ஒரு தடவையாவது பழையதை எல்லாம் துடைத்தெடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.

இந்த டப்பா பாலீஷே உலகம் முழுக்கப் பரவியது சிப்பாய்களால்தான் தெரியுமா? 1906-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் வில்லியம் ராம்சே என்பவர் 'கிவி' பாலீஷைக் கொண்டுவந்தார், மனைவியின் ஊர் நியூசிலாந்து என்பதால் அந்தப் பறவையின் பெயர். முதல் உலகப்போரில் பட்டாளத்தோடு சேர்ந்து அந்த டப்பாவும் கடல் கடந்தது. உங்கள் சீனியர்களின் பாடு அங்கேயிருந்து தொடங்கியது என்று வைத்துக்கொள்.

என் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூ. மொத்தமே இரண்டு மூன்று தடவைதான் போட்டிருப்பேன். பெட்டியோடு பீரோ மேல் ஆறு வருஷமாக இருந்தது. போன மாசம் மச்சான் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனால் மண்டபத்து வாசலிலிருந்து மேடை வரைக்கும் சோல் கறுப்பு கறுப்பாக உதிர்ந்துகொண்டே வருகிறது. மானம் போய்விட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா சார்? (குடியாத்தம் வாசகர்)

ஏமாற்றவில்லை. உங்கள் ஷூவின் சோல் பி.யு., அதாவது பாலியூரித்தேன். எடை குறைவு, மெத்தென்று இருக்கும், அதனால்தான் நிறைய ஃபார்மல் ஷூக்களில் அதைப் போடுகிறார்கள். அதன் எதிரி காற்றில் இருக்கும் ஈரம். ஈரம் உள்ளே நுழைந்து அந்தப் பொருளின் கட்டமைப்பையே மெல்ல மெல்ல உடைக்கிறது, சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். பீரோ மேலே, ஃபேனுக்குப் பக்கத்தில், தளத்துக்குக் கீழே என்றால் வீட்டிலேயே சூடான இடம் அதுதானே. போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். போடாமல் வைத்திருந்தால் பத்திரம் என்ற கணக்கு பட்டுப்புடவைக்கே சரிப்பட்டு வருவதில்லை, பி.யு. சோலுக்குச் சுத்தமாகச் செல்லாது.

மேல்தோல் நன்றாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். சோல் மாற்றலாம். ரப்பர் சோல் அல்லது டி.பி.ஆர். (தெர்மோபிளாஸ்டிக் ரப்பர்) சோல் கேளுங்கள், இவை இப்படி உதிர்வதில்லை. மாற்றுபவரிடம் ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்லுங்கள்: பழைய பி.யு. ஒரு துணுக்குகூட இல்லாமல் சுரண்டியெடுத்த பிறகுதான் சொல்யூஷன் தடவ வேண்டும். உதிர்கிற பரப்பின் மேல் எந்தப் பசையும் நிற்காது, அடுத்த மண்டபத்தில் முழு சோலாகவே கழன்று வரும். சிலர் ஓரமாகத் தையலும் போட்டுத் தருவார்கள், கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

வருஷக்கணக்கில் எடுக்காத ஷூ என்றால் விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே எடுத்து, சோலைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ, பள்ளம் விழுந்து அப்படியே நிற்பதோ, ஓரத்தில் மயிரிழை வெடிப்போ தெரிந்தால் அதைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பத்திரப்படுத்தும்போது பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டவும் வேண்டாம், உள்ளே இருக்கிற ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் எல்லா ஷூவுக்கும் தேங்காய் எண்ணெய்தான். மாமியார் வாழைப்பழத் தோலும் தேய்க்கிறார். சரிதானா? (ராணிப்பேட்டை வாசகி)

இரண்டும் அப்போதைக்கு மின்னும். தேங்காய் எண்ணெய் தோலுக்குள் வேகமாக இறங்கிவிடும், ஆனால் சமமாக இறங்காது, அங்கங்கே கறுத்துத் திட்டுத் திட்டாகும். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாள்பட்டால் காறல் வாடை. மார்கழிக் குளிரில் பாட்டிலில் உறைகிறதே, ஷூவுக்குள்ளும் அது உறையத்தான் செய்யும். எண்ணெய் கூடினால் தோல் தொளதொளத்து வடிவம் போய்விடும், ஒட்டிய இடங்களும் விட்டுக்கொடுக்கும். வாழைப்பழத் தோலில் கெடுதல் பெரிதாக இல்லை, மறுநாள் எறும்பு வரும். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ஆம்பூர் ரோட்டோரக் கடைகளில் 'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்' என்று விற்கிறார்களே, அசல் தோல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தீக்குச்சி வைத்துப் பார்க்கலாமா? (ஆம்பூர் வாசகர்)

கடைக்காரர் உங்களைத் தீக்குச்சியோடு பார்த்தால் என்ன செய்வார் என்று யோசியுங்கள். தவிரவும் அசல் தோலின் மேலேயே பிளாஸ்டிக் வகைப் பூச்சு இருக்கும், அதுவும் பொசுங்கத்தான் செய்யும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. வாசனையையும் நம்ப வேண்டாம், செயற்கைத் தோலுக்கும் வாசனை ஏற்றுகிறார்கள்.

வெட்டு ஓரத்தைப் பாருங்கள். ஷூவின் நாக்கை வெளியே இழுத்தால் பெரும்பாலும் மடித்துத் தைக்காத ஓரம் ஒன்று கிடைக்கும். அசல் தோல் என்றால் நார் நாராக, கொஞ்சம் பொசுபொசுவென்று இருக்கும். செயற்கை என்றால் மேலே ஒரு பிளாஸ்டிக் தாள், கீழே நெய்த துணி, இரண்டும் தனித்தனியாகத் தெரியும். அடுத்து கட்டைவிரலால் மேல்பரப்பை அழுத்துங்கள்: தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் ஓடி, விட்டதும் மறையும். மயிர்த்துளைகள் ஒரே சீராக அச்சடித்தது போலிருந்தால் சந்தேகப்படுங்கள்.

இதிலும் ஒரு ஏமாற்று வித்தை உண்டு. தோலின் தடிமனை மேல், கீழ் என்று இரண்டாகப் பிளந்து, வலுவான மேல்பாகத்தை நல்ல ஷூவுக்கு எடுத்துக்கொண்டு, அடிப்பாகத்தின் மேல் பி.யு. பூச்சு ஏற்றி விற்பார்கள். அதுவும் தோல்தான். ஆனால் இரண்டு வருஷத்தில் தோலுரிந்த மாதிரி மேல்பூச்சு உரியும், உரிந்த இடத்துக்கு எந்த பாலீஷும் மருந்தில்லை.

ரிஜெக்ட் ஆன காரணத்தைத் தேடிப் பிடியுங்கள், பேரம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு ஷூவுக்கும் நிற வித்தியாசமா, ஒரு தையல் கோணலா, அப்படியென்றால் தாராளமாக வாங்கலாம். இரண்டையும் சமதளத்தில் பக்கத்தில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், குதிகால் உயரம் மாறினால் அல்லது ஒன்று சாய்ந்து நின்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மழையில் முழுசாக நனைந்துவிட்டது. மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன், விறைத்துப் போய்விட்டது. (ஆரணி வாசகர்)

வெயில், ஹேர் டிரையர், அடுப்பு, ஃபிரிட்ஜ் பின்பக்கம் எதுவும் கூடாது. உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றி, ஷூவை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் சோலும் மூச்சு விடும். ஃபேன் காற்று போதும். இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும். உங்களுடையதற்கு இப்போது கண்டிஷனரை இரண்டு மூன்று நாள் விட்டு விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிக் கையால் மெதுவாக வளைத்துக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வழிக்கு வரும்.

கறுப்பு ஷூ மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. துடைத்தால் போகிறது, திரும்ப வருகிறது. பூஞ்சையா? (பேரணாம்பட்டு வாசகர்)

மூன்றில் ஒன்று. ஈரத்துணியால் துடைத்ததும் காணாமல் போய், காய்ந்ததும் அதே கோட்டில் திரும்பினால் உப்பு, உங்கள் வியர்வையினுடையது. வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துணியில் தொட்டுத் துடையுங்கள். பஞ்சு பஞ்சாக இருந்து புழுங்கல் வாடை அடித்தால் பூஞ்சை. வெளியே, மற்ற செருப்புகளிலிருந்து தள்ளி வைத்து பிரஷ் போட்டுவிட்டு, அதே வினிகர் தண்ணீர், பிறகு நல்ல காற்று. இரண்டும் இல்லாமல் மாவு தூவியது போலச் சீராகப் படிந்திருந்தால் அது தோலுக்குள் இருந்த கொழுப்பு மேலே வந்து உறைந்தது. இதைக் கண்டுபிடிக்க மட்டும் ஹேர் டிரையர் அனுமதி: தள்ளிப் பிடித்து ஒரு சில நொடி காட்டினால் கொழுப்பு உருகி மறையும், மற்ற இரண்டும் அசையாது. மறைந்ததும் துணியால் துடைத்துவிட்டால் சரி, இதில் பயப்பட ஒன்றுமில்லை.

தாத்தா வைத்திருந்த தோல் செருப்பு தண்ணீர் பட்டதும் கறுத்தது, ஆணி அடித்த இடத்தைச் சுற்றி மை கொட்டினாற்போல் கறை. இப்போது வரும் ஷூவில் இப்படி ஆவதில்லையே, ஏன் ஐயா? (வாணியம்பாடி வாசகர்)

இரண்டும் வேறு வேறு தோல். அந்தச் செருப்புத் தோல் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்ட தொட்டியில் வாரக்கணக்கில் ஊறியதாக இருக்கும். இந்த முறையில் பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பல் கப்பலாகப் போனது. இப்போதைய ஷூ மேல்தோல் பெரும்பாலும் குரோம், அதாவது குரோமியம் உப்பால் பதனிட்டது. அமெரிக்காவில் 1884-இல் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் காப்புரிமை வாங்கிய பிறகு தொழிலுக்கு வந்த முறை, வாரங்கள் பிடித்த வேலை ஒரு நாள் அளவுக்குச் சுருங்கியது. சூடும் நன்றாகத் தாங்கும். அந்த வேகத்துக்குப் பாலாறு கொடுத்த விலை, தோல் தொழிற்சாலைக் கழிவால் ஆறு கெட்டது, உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பு வந்த கதை, ஷூ பாலீஷ் பத்தியில் அடங்காது.

உங்கள் கறைக்கு வருகிறேன். கடுக்காயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் கறுத்துவிடும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும் இதே வேலைதான். எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டு, முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஓரத்தில் பார்த்துவிட்டு, கறை மேல் ஒற்றுங்கள். வெளுத்ததும் ஈரத்துணியால் சாற்றைத் துடைத்துவிடுங்கள், விட்டுவைத்தால் தோலை அரிக்கும். இந்த வகைத் தோல் தண்ணீரை நன்றாகக் குடிக்கும், வெயிலில் தானாகவே கறுக்கும். அதனால் தேன்மெழுகு கலந்த கிரீம் நல்லது, நிறம் சேர்த்த பாலீஷ் வேண்டாம். அந்த நிறம் வாங்கக் கிடைக்காதது.

பிள்ளையின் ஸ்கூல் ஷூவுக்கு தினமும் பாலீஷ் போட வேண்டுமா? (வாலாஜாபேட்டை வாசகி)

பெரும்பாலான ஸ்கூல் ஷூ தோலே இல்லை. செயற்கைப் பொருளுக்குள் பாலீஷ் இறங்காது, மேலே நின்று சாக்ஸிலும் சட்டையிலும்தான் ஒட்டும். ஈரத்துணி போதும். ஸ்கூலில் பளபளப்பு வேண்டும் என்று கேட்டால் திங்கட்கிழமை மட்டும் போடுங்கள்.

சொரசொரப்பான ஸ்வேட் ஷூவுக்கு எந்த நிற பாலீஷ்? (சத்துவாச்சாரி வாசகர்)

எந்த நிறமும் கிடையாது. பாலீஷ் பட்டால் அந்தப் பஞ்சு படுத்துவிடும், திரும்ப எழாது. காய்ந்த பிறகு ஸ்வேட் பிரஷால் ஒரே திசையில் வாரிவிடுங்கள். அழுக்குக் கோடு விழுந்தால் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். மழை நாளில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.